வாழ்க்கை திடீரென்று மாறும்போது விசுவாசிகள் செய்யும் தவறுகள்

எங்கள் ஜெபக்குழுவுக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப்பேர் ஏதோ ஓர் அடி வாங்கிய பிறகுதான் வருகிறார்கள். வேலை போயிருக்கும், வீட்டில் யாருக்காவது பெரிய நோய் வந்திருக்கும். சில வாரங்களிலேயே, எனக்கு வேலை போனபோது நான் செய்த அதே தவறுகளை வரிசையாகச் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள். ஜெபத்தை விடாதீர்கள், சபைக்கு வாருங்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதற்குள் போகவில்லை.

வாக்குத்தத்தத்துக்கு, அதாவது தேவன் கொடுத்த வாக்குக்கு, நாமே தேதி குறிப்பது

எனக்கு வேலை போன அன்று மாலையே வேதாகமத்திலிருந்து எரேமியா 29:11 வந்து சேர்ந்தது. தேவன் நம்மைக் குறித்து வைத்திருப்பது சமாதானத்துக்கேதுவான நினைவுகள் என்ற அந்த வசனம்தான். அனுப்பியவர் கூடவே, "இரண்டே மாதம், எல்லாம் பழையபடி ஆகிவிடும்" என்றும் சொன்னார். எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. அதனால் சம்பளம் குறைவான இரண்டு வேலைகளை மறுத்தேன், சின்ன வீட்டுக்கு மாறலாம் என்று மனைவி சொன்னபோது கேட்கவில்லை, இரண்டு மாதம் பத்தொன்பது மாதம் ஆனது, சேமிப்பு முழுவதும் கரைந்தது.

அப்புறம்தான் அந்த அதிகாரத்தை முதலிலிருந்து படித்தேன். கி.மு. 597-இல் யூதாவின் ராஜா எகொனியாவோடு சிறைப்பட்டுப் பாபிலோனுக்குப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எருசலேமிலிருந்து எழுதிய கடிதம் அது. 11-ஆம் வசனத்துக்கு முந்தின வசனத்திலேயே எழுபது வருஷம் என்று இருக்கிறது. கடிதத்தை வாசித்த பெரியவர்களில் பலர் ஊர் திரும்பப் போவதில்லை. அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அதன் கனியைச் சாப்பிடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், இருக்கிற பட்டணத்துக்காக ஜெபம்பண்ணுங்கள். வாக்குத்தத்தமும் தோட்டமும் ஒரே கடிதத்தில்தான் இருக்கின்றன, நான் ஒன்றை மட்டும் கிழித்து எடுத்துக்கொண்டேன்.

இதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்ற தீர்க்கதரிசி வருகிறான். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பி வரும் என்றான். எரேமியா அதற்கு ஆமென் என்றார், அப்படியே ஆகட்டும் என்று அவருக்கும் ஆசைதான். ஆனாலும் அது கர்த்தர் சொன்னது இல்லை. நம் ஆசையும் தேவன் சொன்னதும் ஒன்றுபோலவே காதில் விழும், அங்கேதான் ஏமாறுகிறோம்.

இன்றைக்கும் குழுவில் யாராவது புதியவரின் தோளைத் தொட்டு "இன்னும் இரண்டு மாதம்தான்" என்று சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது. அன்பில்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் அந்த வார்த்தைக்கான விலையைக் கேட்டவரின் குடும்பம்தான் கட்டுகிறது. நான் புதியவர்களிடம் கேட்பது ஒன்றுதான்: தேவனிடம் கேட்கிறதைக் கேட்டுக்கொண்டே இருங்கள், ஆனால் ஒரு வருடம் இப்படியே இருந்தால் இந்த வாரம் எதை மாற்றுவீர்கள்? அதை எழுதி, வீட்டில் காட்டுங்கள்.

அழுகையை அடக்குவது

"நான் நன்றாக இருக்கிறேன், ஸ்தோத்திரம்" என்று சொல்லியே உள்ளுக்குள் வறண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். வேதாகமத்தின் 150 சங்கீதங்களில் புலம்பல்கள் ஏராளம். 88-ஆம் சங்கீதம் ஆறுதலாக ஒரு வரிகூட இல்லாமல் முடிகிறது, அதுவும் ஜெபம்தான்.

அடைபட்ட கதவையெல்லாம் சாத்தானின் வேலை என்பது

அப்போஸ்தலன் பவுல் ஆசியாவில் (அன்றைய ரோம மாகாணம், இன்றைய துருக்கியின் மேற்குப் பகுதி) பிரசங்கிக்க நினைத்தபோது தடுத்தது பரிசுத்த ஆவியானவர். பக்கத்து மாகாணமான பித்தினியாவுக்கும் வழி கிடைக்கவில்லை. துரோவாவுக்கு வந்து, அங்கிருந்து கடல் தாண்டிப் பிலிப்பிக்குப் போனபோதுதான், அவர் சொன்னதைக் கேட்டு விசுவாசித்த லீதியாளைச் சந்தித்தார். அப்போஸ்தலர் 16-ஐ ஒருமுறை நிதானமாகப் படியுங்கள்.

பழைய ஜெப நேரத்தையே பிடித்துத் தொங்குவது

நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கு விடியற்காலை ஐந்து மணி வாய்க்காது. கிடைக்கிற நேரத்தில் ஜெபியுங்கள்.

சாட்சி சொல்ல அவசரப்படுவது

தேவன் செய்ததைச் சபையில் சொல்வதுதான் சாட்சி; கஷ்டம் முடியாத நடுவழியில் அந்த மேடை வேண்டாம்.

வீட்டாரின் கவலையை அவிசுவாசம் என்பது

மனைவி கணக்குக் கேட்டபோது நான் அப்படித்தான் சொன்னேன். மன்னிப்புக் கேட்க எனக்கு இரண்டு வருடம் ஆனது.