மஸ்கட் வந்திறங்கும் குமரித் தம்பிகளுக்கு: மனை பார்த்துக் கொடுத்தவரிடம் வீட்டு வேலையைக் கொடுக்காதீர்கள்

முதல் மாத வேலைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், கம்பெனி ஆட்களே கூட வருவார்கள். மெடிக்கல், கைரேகை, ரெசிடென்ட் கார்டு. கார்டு வந்ததும் இங்கே பேங்க் கணக்கு. ஊரில் இருக்கும் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (ஊர் வரவுக்கான வெளிநாடுவாழ் இந்தியர் கணக்கு) ஆக மாற்றுங்கள், சம்பளம் அனுப்ப என்ஆர்இ (வெளிநாட்டு வருமானத்துக்கான கணக்கு) ஒன்று திறங்கள். அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. நாலு மாதச் சம்பளம் சேர்ந்ததும் மார்த்தாண்டத்திலிருந்தோ கருங்கலிலிருந்தோ நிலத் தரகரின் போன் வரும். "தம்பி, ரோட்டடியில அஞ்சு சென்ட் கிடக்கு, விட்டா போயிரும்." பட்டா, வில்லங்கம், மூலப்பத்திரம் பார்ப்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாதது ஒன்று உண்டு. வெளிநாட்டில் குடியிருக்கும் நாம் விவசாய நிலமும் தோட்டமும் விலைக்கு வாங்க முடியாது. அப்பா வழியில் வருவது வேறு. ரப்பர் விளையை (தோட்டத்தை) காட்டி "மனை மாதிரிதான்" என்றால் நம்பாதீர்கள்.

நான் மனை வாங்கிக் கிரயம் முடிந்து பத்திர ஆபீஸ் வாசலில் நிற்கும்போதே, அதைப் பார்த்துக் கொடுத்த தரகர் சொன்னார்: "வீட்டையும் நானே கெட்டித் தாறேன், நீ லீவுல வந்து பால் காய்ச்சினா போதும்." சரி என்றேன். ஏழு லட்சமும் இரண்டு வருடமும் அதில் போனது.

அவரிடம் இன்ஜினியர் இல்லை, கொத்தனார் இல்லை, சென்ட்ரிங் தகடு ஒன்றுகூட இல்லை. சதுர அடிக்கு என்னிடம் ஒரு ரேட் பேசி, தன் பங்கை எடுத்துக்கொண்டு, லேபர் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கைமாற்றிவிட்டார். அஸ்திவாரத்துக்கு மேல் போடும் பெல்ட் கான்கிரீட் முடிந்த போட்டோ வந்தது. கம்பி விலை ஏறுகிறது, லிண்டலுக்கும் கூரை கான்கிரீட்டுக்கும் சேர்த்துப் பணம் போடு என்றார். போட்டேன். அதோடு வேலை நின்றது.

பணம் எங்கே போனது என்பதுதான் நீங்கள் புரிந்துகொள்ள வேண்டியது. நிலத்துக்கு அட்வான்ஸ் போட்டு வேறு ஆளுக்குக் கைமாற்றி விற்பது அவர் தொழில். கையில் மொத்தமாகக் காசு வந்தால் அது முதலில் நிலத்துக்குத்தான் ஓடும். என் கூரை கான்கிரீட் பணம் தக்கலைப் பக்கம் யாருடைய விளைக்கோ அட்வான்ஸாகக் கிடந்தது. அந்த நிலம் விற்கவில்லை, என் வீடும் எழும்பவில்லை. நம் மாவட்டத்தில் ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. நீட்டிக்கொண்டு நின்ற தூண் கம்பி இரண்டு மழையிலும் நனைந்தது. அம்மா ஒரு நாள் அங்கே போய் வீடியோவில் கூப்பிட்டாள். கம்பியைத் தடவிய விரலைப் போனுக்கு நேரே நீட்டினாள், செங்காவி பூசியது போல் சிவந்திருந்தது. "மக்ளே, இது இப்படித்தான் இருக்குமா?" என்றாள். அன்று ரூமில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தரகர் ரெரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) பதிவு எண்ணைக் காட்டினாரே என்று நானும் நம்பியிருந்தேன். 2016 சட்டப்படி ஏஜென்டுக்குக் கொடுக்கும் அந்தப் பதிவு மனை, பிளாட் விற்பனைக்கு இடைத்தரகராக நிற்க மட்டும்தான். வீடு கட்டத் தெரியும் என்பதற்கு அது சான்று இல்லை.

பிளான் அப்ரூவலுக்கு அலைய வேண்டும், பவர் (உங்கள் பெயரில் கையெழுத்துப் போடும் அதிகாரப் பத்திரம்) எழுதிக் கொடு என்றும் கேட்பார்கள். கொடுக்கவே கொடுக்காதீர்கள். அஞ்சு சென்ட் என்பது 2,178 சதுர அடி. 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் வீடு கட்ட 2024 முதல் சுயசான்று முறையில் ஆன்லைனிலேயே அனுமதி வாங்கலாம். பவர் வேண்டியே வந்தால் அப்பாவுக்கோ அக்காவுக்கோ, இன்ன வேலைக்கு மட்டும் என்று எழுதி, இங்கே எம்பஸியில் அட்டெஸ்ட் செய்து அனுப்புங்கள். ஊரில் கிடைத்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத்தீர்வை கட்டிவிட வேண்டும்.

கட்டுவதற்குத் தனியாக ஒரு சிவில் இன்ஜினியரைப் பிடியுங்கள். அவர் முன்பு கட்டிய வீட்டுக்கு வீட்டாரை அனுப்பி, அங்கே குடியிருப்பவர்களிடம் பேசச் சொல்லுங்கள். எழுத்தில் ஒப்பந்தம் போடுங்கள்: கம்பி என்ன பிராண்டு, முன்வாசல் நிலை அயனியா வேறு மரமா, செப்டிக் டேங்கும் காம்பவுண்டும் ரேட்டில் சேர்த்தியா, சன்ஷேடைச் சதுர அடியில் கணக்குப் பார்ப்பாரா. முடிந்த வேலைக்கு மட்டும் பணம், அதுவும் பேங்க் வழியாக. வீடு கட்டித் தருவது நுகர்வோர் சட்டத்தில் சேவைதான். கொடுத்த தொகை 50 லட்சத்துக்குள் என்றால், இரண்டு வருடத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். என் கையில் இருந்தது வாட்ஸ்அப் வாய்ஸ் மட்டும்.

வேறொரு இன்ஜினியர் வந்து, கம்பியை ஒயர் பிரஷ்ஷால் தேய்த்து, தேறாததை வெட்டிப் புதிதாகக் கட்டித்தான் வேலையைத் தொடங்கினார். போன சித்திரையில் பால் காய்ச்சினோம். இங்கே மஸ்கட்டில் ரூவி பக்கம் இருப்பவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் முன் அதை எடுத்துக்கொண்டு வாருங்கள். வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் சும்மாதான் இருப்பேன், சேர்ந்து படிக்கலாம்.