அன்னாசி டாய்லியில் மாட்டிக்கொண்டால்: மெல்லிய நூல் குரோஷா பழகுபவர்களுக்கு

கம்பளி நூலில் தொப்பி, பை, குழந்தைக்குச் சட்டை என்று விறுவிறுவெனப் போட்டுப் பழகியவர்கள்கூட மெல்லிய காட்டன் நூலில் அன்னாசி டாய்லி (அன்னாசிப்பழ வடிவங்கள் சுற்றி வரும் வட்டமான லேஸ் விரிப்பு) ஒன்றை ஆரம்பித்துவிட்டுப் பத்தாவது சுற்றில் சுருட்டி வைத்துவிடுவது உண்டு. நானும் ஒன்றை அப்படி இரண்டு வருடம் அலமாரியில் வைத்திருந்தேன். கை பழகவில்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்ப எடுத்தபோதுதான் தெரிந்தது, கையில் குறை இல்லை. பேட்டர்னை, அதாவது பின்னும் முறையை எழுதிய குறிப்பை, வாசித்த விதம்தான் தப்பு. சங்கிலி, சிங்கிள், டபுள் மூன்றும் போடத் தெரிந்தால் போதும், மீதியை இங்கே பார்த்துவிடலாம்.

நூல், ஊசி, வெளிச்சம்

குரோஷா நூலில் எண் ஏற ஏற நூல் மெலியும். 10ஐவிட 20 மெல்லியது, 40 இன்னும் மெல்லியது. முதல் அன்னாசிக்கு 10ஆம் எண் காட்டன் நூலும் 1.5 மி.மீ. ஸ்டீல் ஊசியும் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்டீல் ஊசிகளில் அமெரிக்க எண் பெரிதாக இருந்தால் ஊசி சின்னது என்று அர்த்தம், அதனால் எண்ணைப் பார்க்காமல் மில்லிமீட்டரைப் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

வெள்ளை நூல் என்றால் மடியில் ஒரு கருநீலத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு துளையும் பளிச்சென்று தெரியும். ட்யூப்லைட் வெளிச்சத்தில் தெரியாத கண்ணி, காலையில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் தானாகத் தெரியும். நூலை இடது சுண்டுவிரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்ளுங்கள். கம்பளி போல இது கையில் நிற்காது, வழுக்கி ஓடும்.

பேட்டர்ன் எந்த ஊர் பாஷையில் இருக்கிறது?

இதைப் பார்க்காமல் ஆரம்பித்தால் எல்லாமே வீண். அமெரிக்காவில் டபுள் குரோஷே என்று சொல்வதை இங்கிலாந்தில் ட்ரெபிள் என்பார்கள். இங்கிலாந்தின் டபுள், அமெரிக்காவின் சிங்கிள். கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி: பேட்டர்னில் எங்காவது ‘சிங்கிள் குரோஷே’ என்ற பெயர் வந்தால் அது அமெரிக்க முறை. நான் கீழே எழுதியிருப்பது எல்லாம் அமெரிக்க முறைதான். அதில் டபுளுக்கு ஊசியில் நூலை ஒரு தடவை சுற்ற வேண்டும், ட்ரெபிளுக்கு இரண்டு தடவை.

நோட்டில் எழுதுங்கள்

பேட்டர்னை அப்படியே பார்த்துப் பின்னாதீர்கள். ஒரு நோட்டில் உங்கள் வார்த்தையில் எழுதிக்கொள்ளுங்கள். அலமாரியில் கிடந்த டாய்லியை நான் முடித்தது இந்த ஒரு பழக்கத்தால்தான்.

உதாரணமாக, பேட்டர்னில் இப்படி ஒரு வரி வரும்: நட்சத்திரக் குறி, அடுத்த 2 சங்கிலி இடைவெளியில் 2 டபுள், 2 சங்கிலி, 2 டபுள், பிறகு 3 சங்கிலி, பக்கத்து 2 சங்கிலி இடைவெளியில் 10 ட்ரெபிள், 3 சங்கிலி, நட்சத்திரத்திலிருந்து இன்னும் 7 தடவை. வாசிக்கும்போதே மூச்சு முட்டும். இதையே நோட்டில் நான்கு வரியாக உடைத்துவிடுங்கள்:

ஷெல் (2 டபுள், 2 சங்கிலி, 2 டபுள்)
3 சங்கிலி
அன்னாசியின் அடி (10 ட்ரெபிள்)
3 சங்கிலி

இது ஒரு பங்கு. ‘இன்னும் 7 தடவை’ என்றால் முதலில் போட்டதையும் சேர்த்து 8 பங்கு. ‘இன்னும்’ என்ற அந்தச் சொல்லைக் கவனிக்காமல் 7 பங்கோடு நிறுத்திவிட்டு, சுற்று ஏன் முடியவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய. நோட்டில் 8 என்று பெரிதாக எழுதி வட்டம் போட்டுவிடுங்கள்.

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். ‘கண்ணியில்’ என்று இருந்தால் அந்தக் கண்ணியின் தலையில் இருக்கும் இரண்டு இழைகளுக்கு அடியில் ஊசியைக் குத்த வேண்டும். ‘இடைவெளியில்’ என்று இருந்தால் சங்கிலியைத் தொடாமல் அதற்குக் கீழே உள்ள காலி இடத்தில் விட வேண்டும். அன்னாசியில் பெரும்பாலும் இடைவெளிதான்.

ஒரு அன்னாசியை மட்டும் போட்டுப் பாருங்கள்

டாய்லியை இன்னும் தொடாதீர்கள். வீட்டில் மீந்துபோன கொஞ்சம் தடிமனான நூலை எடுங்கள், அதற்கேற்ற பெரிய ஊசியோடு. ஒரே ஒரு அன்னாசியைத் தட்டையாக, வரிசை வரிசையாகப் பின்னலாம்.

6 சங்கிலி போட்டு, ஸ்லிப் தையலால் (முதல் சங்கிலியில் ஊசியை விட்டு, நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பில் இழுப்பது) வளையமாக்குங்கள்.

1ஆம் வரிசை: 4 சங்கிலி (இதுவே முதல் ட்ரெபிள்), வளையத்துக்குள் 9 ட்ரெபிள். மொத்தம் 10. சின்ன விசிறி மாதிரி இருக்கும். திருப்புங்கள்.

2ஆம் வரிசை: 4 சங்கிலி (ஒரு டபுளும் ஒரு சங்கிலியும் என்று கணக்கு). அடுத்த ட்ரெபிளின் தலையில் 1 டபுள். பிறகு 1 சங்கிலி, 1 டபுள் என்று கடைசிவரை. எண்ணுங்கள்: 10 டபுள், நடுவில் 9 இடைவெளி. திருப்புங்கள்.

3ஆம் வரிசை: முதல் இடைவெளிக்குள் ஸ்லிப் தையலால் நகர்ந்து, 1 சங்கிலி, அதே இடைவெளியில் 1 சிங்கிள். பிறகு 3 சங்கிலி, அடுத்த இடைவெளியில் 1 சிங்கிள். இப்படியே போனால் 9 சிங்கிள், அவற்றுக்கு நடுவில் 3 சங்கிலியாலான 8 வளைவு. திருப்புங்கள்.

4ஆம் வரிசையிலிருந்து இதே வேலைதான், இடைவெளிக்குப் பதில் வளைவில். ஒவ்வொரு வரிசையிலும் ஒரு வளைவு குறைந்துகொண்டே வரும்: 7, 6, 5, 4, 3, 2. பத்தாவது வரிசையில் ஒரே ஒரு வளைவு நிற்கும். அதுதான் அன்னாசியின் கூர்.

இந்த இடத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. மூன்றாவது வரிசை முதல், வரிசை எண்ணையும் வளைவுகளின் எண்ணிக்கையையும் கூட்டினால் எப்போதும் 11 வரும். ஐந்தாவது வரிசையில் 6 வளைவு, எட்டாவதில் 3. கூட்டல் 11 வரவில்லையா? அங்கேயே நிறுத்துங்கள். உங்கள் பேட்டர்னில் அடியில் 10க்குப் பதில் 12 ட்ரெபிள் இருந்தால் கூட்டல் 13. ஒருமுறை கண்டுபிடித்து நோட்டின் மூலையில் எழுதிவைத்தால் போதும்.

இப்போது டாய்லி

ஆரம்ப வளையத்தைச் சங்கிலியால் போடுவதுதான் என் விருப்பம். இழுத்து இறுக்கும் மாய வளையம் பார்க்க அழகு, ஆனால் வழுவழுப்பான காட்டனில் நுனியைச் சரியாகக் கோத்து மறைக்காவிட்டால் துவைக்கும்போது தளர்ந்துவிடும்.

ஒவ்வொரு பங்கு ஆரம்பிக்கும் இடத்திலும் ஒரு சின்ன சேஃப்டி பின் மாட்டுங்கள். சுற்று முடிந்த பிறகு மொத்தத்தையும் எண்ணுவதை விட்டுவிட்டு, ஒரு சேஃப்டி பின்னிலிருந்து அடுத்த சேஃப்டி பின்வரை அந்தந்தப் பங்கை மட்டும் எண்ணுங்கள். இதைச் செய்யாமல் நான் பட்ட பாடு சொல்கிறேன்: ஏழாவது அன்னாசியின் அடியில் 10 ட்ரெபிளுக்குப் பதில் 9 போட்டுவிட்டேன். நான்கு சுற்று தள்ளி, மற்ற அன்னாசிகளில் 6 வளைவு இருக்க, இதில் மட்டும் 5. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கப் பிரித்தேன். அழுகையே வந்தது. சேஃப்டி பின் இருந்திருந்தால் அந்தச் சுற்றிலேயே ஒரு நிமிடத்தில் சரிசெய்திருக்கலாம்.

சுற்றை மூடும் இடமும் தொல்லை கொடுக்கும். ஆரம்பத்தில் போட்ட 3 சங்கிலி ஒரு டபுளுக்குச் சமம். ஸ்லிப் தையலை அந்த மூன்றாவது சங்கிலியின் தலையில்தான் போட வேண்டும். அதற்குப் பிறகு அடுத்த ஷெல்லின் நடு இடைவெளிவரை ஸ்லிப் தையலிலேயே நகர்ந்து போங்கள். அதை மறந்தால் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கோணிக்கொண்டு போகும்.

டாய்லி கிண்ணம் போலக் குவிந்தால் சங்கிலிகளை இறுக்கிப் போடுகிறீர்கள், அல்லது கண்ணி விட்டுப்போயிருக்கிறது. ஓரம் அலை அலையாக வந்தால் கண்ணி கூடியிருக்கிறது, அல்லது சங்கிலி தளர்வு. லேசான அலை கஞ்சி போட்டால் படிந்துவிடும். நன்றாகக் குவிந்துவிட்டதென்றால் பிரிப்பதே மேல். ஆனால் ஒரே நூலை மூன்று நான்கு தடவை பிரித்தால் பஞ்சு எழும்பும், அந்தத் துண்டை வெட்டிவிட்டுப் புது நூல் சேருங்கள்.

கண் வலித்தால் வையுங்கள். ஊசியில் இருக்கும் கண்ணியில் ஒரு சேஃப்டி பின் மாட்டி, நோட்டில் எந்தச் சுற்று, எந்தப் பங்கு என்று குறித்துவிட்டு எழுந்திருங்கள். ‘அப்புறம் ஞாபகம் இருக்கும்’ என்று விட்டால் நிச்சயம் இருக்காது.

கஞ்சி போட்டு விரிப்பது

ஊசியிலிருந்து எடுத்த டாய்லி கசங்கிய கைக்குட்டை மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்து மனசு உடைய வேண்டாம். மிதமான சோப்பில் அலசி, துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். வடித்த கஞ்சியை வடிகட்டித் தண்ணீர் சேர்த்து அதில் நனைத்துப் பிழியுங்கள். ஒரு தெர்மோகோல் அட்டையில் டாய்லியின் அளவுக்கு வட்டம் வரைந்து, அதை எட்டாகப் பிரித்துக் கோடு போட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை விரியுங்கள். நடுவை முதலில் குத்துங்கள். அப்புறம் ஒரு அன்னாசியின் கூர், அதற்கு நேர் எதிரே இருப்பது, பிறகு மீதி எல்லாம். குண்டூசி துருப்பிடிக்காததாக இருக்கட்டும், இல்லாவிட்டால் வெள்ளையில் பழுப்புப் புள்ளி விழும்.

நடுவில் தொட்டுப் பாருங்கள். ஓரம் காய்ந்தாலும் ஷெல்கள் நெருக்கமாக இருக்கும் இடத்தில் ஈரம் நிற்கும். அது முழுக்கக் காயும்வரை, ஒரு ராத்திரி ஆனாலும் சரி, குண்டூசிகளை எடுக்காதீர்கள்.