சர்க்கரை நோயாளியிடம் தொலைபேசியில் பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகச் சேர்ந்த செவிலியர் ஒருவர் நோயாளியுடன் தொலைபேசியில் பேசுவதைச் சென்ற வாரம் கேட்டேன். “வெறும் வயிற்றில் எவ்வளவு? சாப்பிட்ட பின்? நல்லது, மாத்திரையை விட்டுவிடாதீர்கள்.” ஒன்றரை நிமிடத்தில் முடிந்தது. 2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபின் நானும் இப்படித்தான் பேசினேன். மருத்துவமனைப் பக்கம் வரவே பயந்தவர்களை வாரம் ஒருமுறை அழைத்து விசாரிப்பது என் வேலை. முகக்கவசம், கை கழுவுதல் எல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விடுகிறேன்.

சர்க்கரை அளவை மட்டும் கேட்பது

அப்படி நான் அழைத்தவர்களில் ஒருவர் தனியாக வசித்த பெரியவர். காலையும் இரவும் சாப்பாட்டுக்கு முன் கலவை இன்சுலின் (உடனே வேலை செய்வதும் மெதுவாக நெடுநேரம் வேலை செய்வதும் கலந்தது) போட்டுக்கொள்வார். வாரந்தோறும் 104, 98, 110 என்று வெறும் வயிற்று அளவைச் சொல்வார். “அருமை ஐயா” என்று குறித்துக்கொள்வேன்.

ஏழாவது வாரம் மகள் அழைத்தார். விடியற்காலையில் குளியலறையில் விழுந்து அப்பாவின் இடுப்பெலும்பு முறிந்துவிட்டது என்றார். சர்க்கரை உள்ளவர்களுக்குக் கொரோனா வந்தால் பிழைப்பது கடினம் என்று தொலைக்காட்சியில் கேட்டுக் கேட்டு, அவர் இரவுச் சாப்பாட்டையே நிறுத்தியிருக்கிறார். ஊசி மட்டும் பழைய அளவிலேயே தொடர்ந்திருக்கிறது. இரவில் போட்ட கலவை இன்சுலின் விடியும்வரை வேலை செய்யும். வயிற்றிலோ ஒன்றும் இல்லை. பனியன் நனைய வியர்த்து, கை நடுங்கி எழுந்து, தலையணைக்கடியில் வைத்திருந்த வெல்லத்தைக் கடித்துக்கொண்டு படுத்திருக்கிறார். தலையணை உறையில் எறும்பு மொய்த்துக் கிடந்ததாக மகள் சொன்னார்.

நான் பாராட்டிய 104 அந்த வெல்லம் தந்தது.

இரவு என்ன சாப்பிட்டீர்கள், நடுவில் விழித்தீர்களா என்று கேட்டிருந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லி ஊசியின் அளவை மாற்றியிருக்கலாம். அதே ஒன்றரை நிமிடப் பேச்சை இன்னொருவர் வாயிலிருந்து கேட்கும்போது இன்றும் எனக்குக் கோபம் வருகிறது.

மனம் எப்படி இருக்கிறது என்று அறிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து கேள்விப் படிவத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கடந்த இரண்டு வாரங்களில் மகிழ்ச்சி, அமைதி, சுறுசுறுப்பு, விழிக்கும்போது புத்துணர்ச்சி, அன்றாடத்தில் ஈடுபாடு எப்படி இருந்தன என்று அது கேட்கும். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 5 வரை. கூட்டி நான்கால் பெருக்குங்கள். 50-க்குக் கீழே வந்தால் அவசரமாக அடுத்த எண்ணை அழைக்காதீர்கள், அவரிடமே இன்னும் பேசுங்கள்.

ஸ்பீக்கரில் பேசுவது

வீடே கேட்டுக்கொண்டிருக்கும்போது “தூக்கம் வரவில்லை, பயமாக இருக்கிறது” என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

“காலில் புண் உண்டா?” என்று கேட்டு நிறுத்துவது

உணர்வு மங்கிய பாதத்தில் புண் வலிக்காது. முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். பார்த்து முடிக்கும்வரை இணைப்பைத் துண்டிக்காதீர்கள்.

காய்ச்சலில் ஊசியை நிறுத்தத் தலையாட்டுவது

சாப்பிட முடியாவிட்டாலும் காய்ச்சலில் சர்க்கரை ஏறும். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

மருந்துச் சீட்டைப் படிக்கச் சொல்லாதது

கொரோனா சிகிச்சைக்கு டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்து எடுத்தவருக்குச் சர்க்கரை எகிறும். 2021-இல் கருப்புப் பூஞ்சை பலரைத் தாக்கியது இந்த வழியில்தான். கன்னம் வலிக்கிறது, கண் வீங்குகிறது, மூக்கில் கருப்பாக வடிகிறது என்று சொன்னால் அடுத்த வார அழைப்புவரை காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்கு அனுப்புங்கள்.