காய்ந்த ஏரியில் விமானத்தை இறக்குவது எப்படி?

அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ரீனோ நகருக்கு வடக்கே டெட் கவ் என்றொரு காய்ந்த ஏரிப்படுகை இருக்கிறது. சிறு விமானக்காரர்கள் பறந்துவந்து அக்டோபரில் கூடும் ஹை சியரா ஃப்ளை-இன்னுக்கு நூற்றுக்கணக்கான சிறு விமானங்கள் வந்து இறங்குவது இந்தக் களிமண் தரையில்தான். பைலட் லைசென்ஸ் வாங்கி, செஸ்னா 172 மாதிரிச் சிறு விமானம் ஒன்றை ஓட்டிப் பழகியவர்கள் முதல்முறை போவதற்கான வழி இது.

1. வாடகை விமானமா? ஒப்பந்தத்தையும் இன்சூரன்ஸையும் முதலில் படியுங்கள். விமான நிலையம் அல்லாத இடத்தில் இறங்கக் கூடாது என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

2. வெப்பக் கணக்கு. வெயில் ஏறினால் காற்று மெலியும்; விமானம் இன்னும் உயரத்தில் இருப்பதுபோலத் திணறும். பக்கத்திலுள்ள ரீனோ-ஸ்டெட் விமான நிலையமே 5,050 அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்துக்கான இயல்பு வெப்பநிலை சுமார் 5 டிகிரி. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் அந்த 5,050 அடியோடு 120 அடி கூட்டுங்கள். 25 டிகிரி வெயிலில் உங்கள் எஞ்சினுக்கு அது ஏறக்குறைய 7,450 அடி. டேக்-ஆஃப் தூரத்தை அந்த உயரத்துக்குப் பாருங்கள். கணக்கு இடித்தால் குறைக்க வேண்டியது சாமான்களை, பெட்ரோலை அல்ல. அங்கே போய் நிரப்பிக்கொள்ளலாம் என்று நம்பிப் போகாதீர்கள்.

3. காலையிலேயே போய்ச் சேருங்கள். மதியத்துக்கு மேல் மலைப்பக்கமிருந்து மேற்குக் காற்று இறங்கி வந்து புழுதியைக் கிளப்பும்.

4. வருகை விதிமுறைகளை அமைப்பாளர்களே வெளியிடுவார்கள். எந்த ரேடியோ அலைவரிசை, எந்தப் பக்கமாக நுழைய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அச்செடுத்துத் தொடையில் கட்டிக்கொள்ளுங்கள்.

5. இறங்குவது. புதியவர்கள் திணறும் இடம் இதுதான். மரம், கோடு, புல் எதுவும் இல்லாத வெளிறிய தரை; 5 அடி உயரத்தில் இருக்கிறீர்களா, 20 அடியிலா என்று கண்ணுக்குப் பிடிபடாது. நடுப்படுகையை விடுங்கள். அனுமதித்த பாதைகளில், புதர் விளிம்பையோ அடையாளக் கொடிகளையோ ஒட்டிய பாதை எது என்று பாருங்கள். ஓரக்கண்ணுக்கு ஒரு அளவுகோல் கிடைக்கும். அதுவும் இல்லையென்றால், அலையில்லாத தண்ணீரில் கடல் விமானக்காரர்கள் இறக்குவதைப் போலச் செய்யுங்கள்: மூக்கைச் சற்றுத் தூக்கி, கொஞ்சம் பவர் வைத்து, நிமிடத்துக்கு 150 அடிக்கு மேல் இறங்காமல், சக்கரம் தானாகத் தொடும்வரை பொறுத்திருங்கள். உயரம் காரணமாகத் தரை வேகமாக ஓடுவதுபோல் தெரியும். அதைப் பார்த்து வேகத்தைக் குறைத்துவிடாதீர்கள். வேகமானி காட்டுவதே சரி. தரையில் கருத்த திட்டு தெரிந்தால் ஈரம் என்று எடுத்துக்கொண்டு விலகிப் போங்கள்.

6. நிறுத்துவது. கயிறு, முளை, சுத்தியல் எல்லாம் நீங்களே கொண்டுபோக வேண்டும். காற்று வரும் பக்கம் மூக்கைத் திருப்பிக் கட்டுங்கள். கிளம்பும்போது வால் யாருடைய கூடாரத்தையாவது பார்த்துக்கொண்டிருந்தால், ஸ்டார்ட் செய்வதற்கு முன் கையாலேயே தள்ளித் திருப்புங்கள். இல்லாவிட்டால் ப்ரொப்பல்லர் பின்னால் தள்ளும் காற்றில் அவர்கள் காபியெல்லாம் புழுதிதான்.

7. திரும்புவது. அதுவும் காலையில்தான். கடலோரத்தில் பழகியவர்கள் மிக்ஸ்சரை (காற்றோடு கலக்கும் பெட்ரோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் பிடி) முழுதாகத் தள்ளியே டேக்-ஆஃப் செய்வார்கள். இங்கே அப்படிச் செய்தால் பெட்ரோல் மிகுந்து எஞ்சின் சோர்ந்துவிடும். விமானக் கையேட்டில் சொன்னபடி குறையுங்கள். மழை வரும் என்று வானிலை அறிக்கை சொன்னால், ஒருநாள் முன்னதாகவே கிளம்பிவிடுங்கள். நனைந்த களிமண்ணில் சக்கரம் புதைந்தால், படுகை காயும்வரை விமானம் அங்கேயேதான் நிற்கும்.