ஐம்பதுக்குப் பிறகு வேலை தேடும்போது நாங்கள் விடும் பிழைகள்

கொக்குவிலில் இருந்து ஒரு ஐயா சுயவிபரக்கோவை எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார். வயது 56. கட்டடப் பொருட்கள் விற்கும் கடையொன்றில் 22 வருடம் ஸ்ரோர் கீப்பர். முதலாளி வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளிடம் போய்விட, கடை பூட்டப்பட்டுவிட்டது. ஏற்கனவே எழுதிய மூன்று பக்கக் கோவை ஒன்று கையில் இருந்தது. பிறந்த திகதி, சமயம், கிராம அலுவலர் பிரிவு, சாதாரண தரப் பெறுபேறு, பள்ளிக்கூடத்தில் உதைபந்தாட்டம் ஆடியது எல்லாம் அதில் இருந்தன. 22 வருட வேலைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: "களஞ்சியப் பொறுப்பாளராகக் கடமையாற்றினேன்."

இதைப் படிக்கிற முதலாளிக்கு அவருடைய வயது தெரியும், வேலை தெரியாது. ஐம்பது தாண்டியவர்களின் கோவைகளில் நான் காணும் முதல் பிழை இதுதான். பதவியின் பெயரை எழுதுகிறோம், செய்த வேலையை எழுதுவதில்லை.

"சரி ஐயா, மாரி காலத்தில் சீமெந்தை என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். நிலத்தில் பலகை போட்டு, சுவரில் முட்டாமல் ஒரு அடி தள்ளி, பத்துப் பைக்கு மேல் உயராமல் அடுக்குவாராம். புது லோட் வந்தால் பழைய பைகளை முன்னுக்கு எடுத்த பிறகுதான் இறக்க விடுவாராம். மூன்று மாதம் கிடந்தால் சீமெந்தின் பலம் குறைந்துவிடும் என்பதால் ஒவ்வொரு அடுக்கிலும் லோட் வந்த திகதியைச் சோக்கால் எழுதி வைப்பாராம். "இறுகின பை எண்டு திருப்பிக்கொண்டு வந்த ஆக்களை விரல் விட்டு எண்ணலாம் தம்பி" என்றார்.

அதை அப்படியே எழுதினோம். எத்தனை வகைப் பொருள் அவர் பொறுப்பில் இருந்தது, மாதக் கடைசியில் இருப்பு எடுத்தால் புத்தகத்துக்கும் களஞ்சியத்துக்கும் எவ்வளவு வித்தியாசம் வரும், எத்தனை பேரை வைத்து வேலை வாங்கினார் என்பதையும் சேர்த்தோம். உதைபந்தாட்டம் போனது. மூன்று பக்கம் ஒன்றரைப் பக்கமானது. நீங்களும் எழுத உட்காரும்போது, உங்கள் வேலையில் புதிதாகச் சேர்ந்த பெடியனுக்கு என்னவெல்லாம் சொல்லிக் கொடுத்தீர்கள் என்று யோசியுங்கள். எழுத வேண்டியது அதுதான்.

கோவையில் விட்டுப்போகும் இன்னொரு விசயம் சிங்களம். கொழும்பிலோ கண்டியிலோ சில வருடங்கள் வேலை செய்தவர்கள் எங்களிடையே நிறையப் பேர். சிங்களம் நன்றாகக் கதைப்பார்கள். சான்றிதழ் இல்லை என்று அதை எழுதுவதில்லை. தெற்கிலிருந்து வரும் சுற்றுலாப் பயணிகளைக் கவனிக்கும் விடுதிக்கும், கொழும்பில் தலைமையகம் உள்ள கம்பனியின் கிளைக்கும் அந்தப் பேச்சுத் திறமை பெரிய உதவி. கட்டாயம் எழுதுங்கள்.

தொலைபேசி இலக்கம் உங்களுடையதாக இருக்கட்டும். மகளின் இலக்கத்தைக் கொடுத்துவிட்டு, அவள் அலுவலகத்தில் போனை எடுக்காததால் அழைப்பைத் தவறவிட்டவர்களை எனக்குத் தெரியும். படமும் இந்த வருடம் எடுத்ததாக இருக்கட்டும்.

வெளியில் தெரியக்கூடாது என்ற எண்ணம்

எல்லாவற்றையும் விடப் பெரிய பிழை என்று நான் நினைப்பது இதைத்தான்.

யாழ்ப்பாணத்தில் கடைகளிலும் விடுதிகளிலும் தனியார் நிலையங்களிலும் ஆள் தேவைப்பட்டால், பத்திரிகையில் போடுவதற்கு முன் முதலாளி தான் நம்பும் இரண்டு பேரைக் கேட்பார். அந்த இரண்டு பேரில் ஒருவருக்காவது உங்கள் பெயர் ஞாபகத்துக்கு வரவேண்டும். நாங்களோ ஒளிக்கிறோம். நல்லூர்த் திருவிழாவில் பழைய சிநேகிதர் கண்டு "இப்ப என்ன செய்யிறியள்?" என்று கேட்டால், "சும்மா வீட்டில ஓய்வா இருக்கிறன்" என்கிறோம். வீட்டுக்கு வந்து அன்றிரவே பத்திரிகையில் வேலைவாய்ப்புப் பக்கத்தைத் தேடுகிறோம்.

இந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்குகிறது. பிள்ளை கனடாவில் அல்லது லண்டனில் இருந்தால், "மகன் காசு அனுப்புறதில்லையோ?" என்று ஊர் கேட்கும் என்ற பயம். மகனுக்கும் அதே பயம், அதனால் "இனி ஏன் அப்பா வேலைக்கு?" என்று தடுப்பான். ஆனால் வேலை தேடுவது பிள்ளையைக் குறை சொல்வதல்ல. அவனோடு முதலில் மனம் விட்டுக் கதையுங்கள். அவனுடைய சிநேகிதர்கள் மூலமாகவே வேலை கிடைத்தவர்களும் உண்டு.

கேட்கிற விதத்திலும் பிழை விடுகிறோம். "ஏதாவது வேலை இருந்தால் சொல்லுங்கோ" என்றால் கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். அந்த "ஏதாவது" என்ற சொல்லை வைத்து அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "நெல்லியடிப் பக்கம் கணக்கு எழுத ஆள் தேவையென்றால் சொல்லுங்கோ, காலை எட்டிலிருந்து இரண்டு மணி வரை வருவன்" என்று சொல்லிப் பாருங்கள். இடம், வேலை, நேரம் மூன்றும் அதில் இருக்கின்றன. அவர் அடுத்த நாள் ஒரு கடைக்குப் போகும்போது அது ஞாபகம் வரும்.

யாரைக் கேட்பது? சொந்தக்காரரை விட, உங்கள் பழைய வேலையிடத்துக்குச் சாமான் கொண்டுவந்த விற்பனைப் பிரதிநிதிகளையும் லொறிச் சாரதிகளையும் கேளுங்கள். ஒரு நாளில் பல கடை ஏறி இறங்குபவர்கள் அவர்கள். எந்தக் கடையில் ஆள் நின்றுவிட்டார் என்பது அவர்களுக்குத்தான் முதலில் தெரியும். நீங்கள் எப்படி வேலை செய்தீர்கள் என்பதையும் அவர்கள் கண்ணால் கண்டிருக்கிறார்கள்.

"55 ஆயிற்று, போகத்தானே வேண்டும்"

வேலை தேடத் தொடங்குவதற்கு முன்பே நடக்கும் பிழை இது. தனியார் துறையில் 55 வயதோடு ஓய்வு என்று இன்னும் நிறையப் பேர் நம்புகிறார்கள். 2021 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டப்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள இடத்தில் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. சட்டம் வந்தபோது 52 வயதைத் தாண்டியிருந்தவர்களுக்கு மட்டும் அது 57 இலிருந்து 59 வரை படிப்படியாக வைக்கப்பட்டது. ஆகவே "சுயவிருப்பின் பேரில் விலகுகிறேன்" என்று தட்டச்சு செய்த கடிதத்தை நீட்டினால் அன்றே கையெழுத்து வைக்காதீர்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் வாசியுங்கள். தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் விசாரியுங்கள். விலகியே ஆகவேண்டும் என்றாலும் பணிக்கொடையைக் கேட்க மறக்க வேண்டாம். 15 பேருக்குக் குறையாத இடத்தில் ஐந்து வருடம் முடித்த மாதச் சம்பளக்காரருக்கு, ஒவ்வொரு வருடத்துக்கும் அரை மாதச் சம்பளம் என்ற கணக்கில் அது வரவேண்டும்.

சான்றிதழ் இல்லை என்று ஒதுங்குவது

1995 ஐப்பசிக் கடைசியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டபோது சான்றிதழ்க் கோப்பைக் கைவிட்டவர்கள் எத்தனையோ பேர். வன்னியில் 2009 இல் இழந்தவர்கள் வேறு. "என்னட்டை ஒண்டும் இல்லை" என்று சொல்லி விண்ணப்பிக்காமலே இருந்துவிடுகிறார்கள். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றை உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம். பரீட்சை எழுதிய வருடமும் சுட்டெண்ணும் தெரிந்தால் அலுவல் சுகம். பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்குப் பிரதேச செயலகம் போதும்.

மேசன், தச்சர், வயறிங் செய்பவர், வெல்டர், சமையல்காரர் போன்றவர்களுக்கு வேறொரு நல்ல வழி இருக்கிறது. தேசிய தொழில் தகைமை என்கிற என்விகியூ சான்றிதழை, வகுப்புக்குப் போகாமல், செய்து வந்த வேலையின் அடிப்படையிலேயே எடுக்கலாம். முன்கற்றலை அங்கீகரித்தல் என்று இதைச் சொல்வார்கள். மதிப்பீட்டாளர் முன்னால் வேலையைச் செய்து காட்ட வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், முன்பு செய்த வேலைகளின் படங்களும் கடிதங்களும் இருந்தால் கொடுக்க வேண்டும். நைட்டா என்று நாங்கள் சொல்லும் பயிலுனர் பயிற்சி அதிகார சபையில் கேட்டால் விபரம் சொல்வார்கள். முப்பது வருடம் சாந்தகப்பை பிடித்த மனிதர், தன் கையில் இருக்கும் தொழிலுக்கு ஒரு கடதாசி இல்லை என்பதற்காகக் கூலியாளாகவே நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தயவுசெய்து இதைக் கேட்டுப் பாருங்கள்.

நேர்முகத்தில்

எதிரே இருக்கும் முகாமையாளர் உங்கள் மகனோடு படித்தவராக இருக்கலாம். அங்கே "தம்பி" வேண்டாம், "நீங்கள்" என்றே கதையுங்கள். "எங்கட காலத்தில" என்று தொடங்காதீர்கள். உங்களால் சொல்வழி கேட்டு நடக்க முடியுமா என்பதுதான் அவருடைய மனதில் இருக்கும் சந்தேகம். வயதுக்காக மன்னிப்புக் கேட்பது போலவும் கதைக்க வேண்டாம்.

"கொம்பியூட்டர் தெரியுமா?" என்ற கேள்விக்கு "அதெல்லாம் எனக்குத் தெரியாது" என்று கையை விரிப்பது அடுத்த பிழை. மின்னஞ்சல் அனுப்புவது, வட்ஸ்அப்பில் பில்லைப் படம் எடுத்து அனுப்புவது, எக்செல்லில் ஒரு பட்டியல் போடுவது, இந்த மூன்றையும் வீட்டுப் பிள்ளையிடம் இரண்டு கிழமை பழகிவிட்டுப் போங்கள். அதற்கு மேல் அந்தக் கடையின் பில் போடும் முறையை அவர்களே காட்டித் தருவார்கள்.

வெளிநாடு என்றால்

வயது கூடியவர்களின் அவசரத்தை முகவர்கள் நன்றாக அறிவார்கள். கொரியாவுக்கான அரச வேலைத்திட்டத்தின் வயது எல்லை 18 முதல் 39 வரை. ஐம்பதில் உங்களை அதில் அனுப்புகிறேன் என்று ஒருவர் காசு கேட்டால் அது பொய். வேறு நாடு என்றால், முகவரின் அனுமதிப்பத்திரம் செல்லுபடியானதா என்று வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பார்க்காமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். சுற்றுலா விசாவில் போய் வேலை எடுக்கலாம் என்ற கதையை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள்.

சம்பளம்

"தாறதைத் தாங்கோ" என்று சொல்லிவிட்டு, மூன்றாம் மாதம் மனம் வெதும்பி வேலையை விட்டு வருகிறார்கள். வீட்டுச் செலவையும் போய்வரும் பஸ் காசையும் முதல் நாளே கணக்குப் பார்த்து, ஒரு தொகையைச் சொல்லுங்கள். தேசிய குறைந்தபட்சச் சம்பளம் 2026 ஜனவரியிலிருந்து 30,000 ரூபா. முழுநேர வேலைக்கு அதற்குக் கீழ் போக வேண்டியதில்லை.

"வயது போனவர்தானே, தற்காலிகம்தானே" என்று சொல்லி ஊழியர் சேமலாப நிதியை விட்டுவிடப் பார்ப்பார்கள். தற்காலிக ஊழியருக்கும் அது உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம், முதலாளி 12 வீதம், அதோடு ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். நியமனக் கடிதத்தில் இது எழுதப்பட்டிருக்கிறதா என்று வாசித்துப் பார்த்து, கையெழுத்து வைத்த அன்றே ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வீட்டில் வையுங்கள்.