உயில் நீதிமன்ற அலுவலகத்துக்குக் கூடுதல் ஆள் கேட்பது எப்படி: கனெக்டிகட்
அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களையும் கவனிக்கும் 54 உயில் நீதிமன்றங்களில் எழுத்தர் எத்தனை பேர், சம்பளம் எவ்வளவு என்பதை நீதிபதி தனியாகத் தீர்மானிப்பதில்லை. மூவர் கொண்ட பட்ஜெட் குழு வகுக்கும். இடவசதி மட்டும் நகராட்சிகளின் பொறுப்பு. எனவே ஆள் கேட்கும்போது குழுவுக்கு "வேலை அதிகம்" என்று எழுதாதீர்கள், எண்ணிக் காட்டுங்கள்.

இறந்தவர் விட்டுச்சென்ற சொத்துக்கு மாநில வரி விழாவிட்டால் நிரப்ப வேண்டிய சிடி-706 என்டி படிவம் வருவாய்த் துறைக்குப் போகாது, நேரே உங்கள் மேசைக்குத்தான். கெடு, இறந்த நாளிலிருந்து 6 மாதம். நேரத்தை விழுங்குவது திருத்தம்தான்: படிவம் நிரப்புபவர்கள் கூட்டு வங்கிக் கணக்கையும் ஆயுள் காப்பீட்டையும் "உயிலில் இல்லையே" என்று விட்டுவிடுவார்கள். மொத்த மதிப்பு குறையும், கடிதம் போகும், படிவம் திரும்ப வரும். வந்தது எத்தனை, திரும்பியது எத்தனை என்று மாதவாரியாகக் குறித்து வையுங்கள். வீடு இருந்தால் வரிப்பிடி (வரிக்காக வீட்டின் மீது மாநிலத்துக்கு உள்ள உரிமை) விடுவிப்புச் சான்றையும் தனியாக எண்ணுங்கள்.