குடுவைச் செடிக்குக் கையால மகரந்தம் வெக்கிறது: என் வென்ட்ரேட்டா காய் புடிச்ச கதை

தண்டையார்பேட்டைல எங்க மொட்டை மாடில இருக்கற வென்ட்ரேட்டா நெப்பந்தஸ்ல (நெப்பந்தஸ்னா பூச்சி புடிக்கற குடுவைச் செடி, வென்ட்ரேட்டா அதுல ஒரு வகை) ஒருவழியா காய் வெடிச்சு விதை எடுத்துட்டேன், சூட்டோட எழுதிடறேன். போர் தண்ணி ஆகாது, மழைத் தண்ணியோ ஏசி தண்ணியோதான் ஊத்தணும்ங்கறதெல்லாம் உங்களுக்கே தெரியும், நேரா பூவுக்கு வந்துடலாம்.

மொதல்ல ஆணா பெண்ணான்னு பாருங்க. நெப்பந்தஸ்ல ஒரு செடி ஆண் பூ மட்டும்தான் விடும், இல்லன்னா பெண் பூ மட்டும்தான். குட்டிக் காம்பு நுனில மஞ்சளா குண்டூசித் தலை மாதிரி உருண்டை இருந்தா ஆண். நடுவுல பச்சையா, பிஞ்சு மாதிரி தடிச்சு இருந்தா பெண். பூக்கற வரைக்கும் குடுவைய வெச்சு கண்டுபுடிக்க முடியாது.

என்னுது பெண். ஆண் செடி பெரம்பூர்ல ஒரு ஃப்ரெண்டு வீட்ல இருக்கு, ஆனா ரெண்டும் ஒரே நேரத்துல பூக்காது. இங்கதான் எல்லாரும் மாட்டிக்குவோம். பூவத் தொட்டு வெக்கிறது ரெண்டு செகண்ட் வேலை, பெண் பூ திறக்கற வரைக்கும் மகரந்தத்த காய வெச்சு காப்பாத்தறதுதான் மெயின் வேலை.

போன தடவ ஜிப்லாக் கவர்ல போட்டு அப்படியே ஃப்ரிட்ஜ்ல வெச்சேன், நம்ம கடலோரக் காத்து ஈரத்துக்கு மஞ்சப் பொடி பசை மாதிரி ஆயிடுச்சு, ஒரு காய் கூட நிக்கல. இந்த தடவ பொடி உதிர ஆரம்பிச்ச ஆண் பூக்கள காலைல ட்வீசர்ல கிள்ளி, பட்டர் பேப்பர்ல மடிச்சு, ஷூ டப்பால வர்ற சிலிக்கா ஜெல் பாக்கெட் ரெண்டோட இறுக்கமா மூடற குட்டி டப்பால போட்டு, ஒரு நாள் வெளிய வெச்சு அப்புறம் ஃப்ரீசர்ல வெச்சேன். அம்மா வாங்கி வெச்ச காசிமேட்டு வஞ்சிரத்துக்குப் பக்கத்துலயே இருந்துச்சு, அதனால தேதி எழுதி ஒட்டிடுங்க.

வெளிய எடுத்த ஒடனே டப்பாவத் திறக்காதீங்க! ஐஸ் தண்ணி டம்ளர் வேர்க்கற மாதிரி உள்ளயும் வேர்த்துடும், காய வெச்சதெல்லாம் வீண். மூடினபடியே அரை மணி நேரம் விடுங்க.

பூக்கொத்து கீழருந்து மேல திறந்துட்டே போகும். பெண் பூவோட தலை ஈரமா மினுங்கும்போது தொட்டு வைங்க, அடுத்த ரெண்டு மூணு நாளும் திரும்ப வைங்க. பிரஷ் வேணாம், பாதி மகரந்தத்த அதுவே முழுங்கிடும். டூத்பிக் நுனி போதும், இல்லன்னா ஆண் பூவையே புடிச்சு தடவிடலாம். கீழ கறுப்பு சார்ட் பேப்பர் வெச்சா சிந்தறது கண்ணுக்குத் தெரியும்.

ஒட்டிக்கிச்சுன்னா பிஞ்சு உப்பி வரும், இல்லன்னா மஞ்சளாகிக் கொட்டிடும். எனக்கு மூணு மாசத்துல காய் பழுப்பாச்சு.

பின்சேர்க்கை: காய் வெடிச்சு விதையெல்லாம் காத்துல போயிடுச்சுன்னு ரெண்டு பேர் எழுதியிருந்தீங்க. விதை முடி மாதிரி அவ்ளோ லேசு. காய் பழுப்பாகறதுக்கு முன்னாடியே வளைகாப்புல தாம்பூலம் போட்டுத் தர்ற நெட் பைய கொத்து மேல கட்டிடுங்க.

ரெண்டு செடியக் கலந்து வந்த விதைக்கு என்ன பேர் எழுதறதுன்னும் கேட்டிருந்தீங்க. பெண் செடி பேர் முதல்ல, ஆண் பேர் அப்புறம். வென்ட்ரேட்டாவே ரெண்டு பிலிப்பைன்ஸ் செடி கலந்த ஹைப்ரிட், அதனால ஒரே காய்ல வர்ற கன்னுங்களே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காது, நல்லா இருக்கறத மட்டும் வெச்சுக்கலாம்னு சின்னதுலயே பிடுங்கிடாதீங்க.

விதைய ஒடனே ஈர ஸ்பேக்னம் பாசி மேல தூவுங்க, விதை மேல பாசி போட்டு மூடாதீங்க. நான் மூடி போட்ட பிரியாணி டப்பால, நேர் வெயில் படாத ஜன்னல்ல வெச்சேன். ஆறாவது வாரம் பாசிக்கு நடுவுல கடுகுல பாதி சைஸ்ல ரெண்டு பச்சை இலை தெரிஞ்சுச்சு.